விரலோடு போன பெயர்

ஜமால்தீனின் கடைக்குள் இரத்தினேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முன்னால் கண்ணாடி மேசையில் மூன்று கணினிக் கீபோட்டுகள் கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து விரலையும் வைத்து, மனதில் வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீடி வாங்க வந்த இரண்டு பேர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். செருப்பு வாங்குகிறவர்கள் காலில் போட்டு நடந்து பார்ப்பதில்லையா என்ன!

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சமாதானம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் இன்னும் கைவிடவில்லை. திருகோணமலையில் அது எப்போதோ செத்துப் போயிருந்தது, எடுத்துப் போடத்தான் ஆளில்லை. கடைகள் பின்னேரமே பூட்டிக்கொண்டன. காலையில் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் வரைக்கும் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை.

இரத்தினேஸ்வரி ஓர் உதவி நிறுவனத்தில் தட்டச்சுக்காரி. துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் அலுவலகம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைக் காணாதவர்கள் வந்து சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். அலுவலகத்தின் ஒரே மடிக்கணினியைக் கடற்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அதன் எழுத்துக் கட்டைகளில் பாதி செத்துவிட்டன. வெளியூர்ப் பயணமொன்று முன்னால் நின்றது. பொறுப்பாளர் தவராசா காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்.

"கைப்பைக்குள்ளை அடங்கிற மாதிரி மெல்லிசா ஒண்டு பாத்து எடுங்கோ தங்கச்சி. பெரிசாக் கொண்டுபோனா ஆமிக்காரர் கழட்டிப் பாத்துத்தான் விடுவாங்கள்."

ஜமால்தீன் கிண்ணியாக்காரன். ஒரு சாமானை விற்றால் அதற்குப் பெண் பேசி முடித்த சந்தோசம் அவனுக்கு.

"இதப் பாருங்க மிஸ். றப்பர். பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கலாம்."

அவள் அடித்துப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. "மாப் பிசையிற மாதிரிக் கிடக்கு. வேண்டாம்."

"அப்ப இது. பழசுதான். ஆனா ஒண்டும் வராது. வயரக் குத்தினா வேலை செய்யும்."

அது சின்னது, அழகில்லாதது, கட்டைகள் மஞ்சளடித்திருந்தன. விரலுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வாலாக நீண்டு கிடந்த கறுப்பு வயரைக் கண்டதும் அவள் கையை எடுத்துவிட்டாள். போன மாதம் காவலரணில் அலுவலகத்துப் பாக்கியரத்தினத்தின் பையில் போன் சார்ஜர் வயரொன்றைக் கண்டுவிட்டு, இது எந்தக் குண்டுக்கு என்று கேட்டு, வெயிலில் முழங்காலில் வைத்தார்கள். மனிதர் இன்னும் நொண்டுகிறார்.

"வயர் வேண்டாம் தம்பி. வயரைக் கண்டா அவங்களுக்கு விசர்."

ஜமால்தீனின் முகம் மலர்ந்தது. மூன்றாவதை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். சாம்பல் நிறம். பள்ளிக்கூடக் கொப்பியளவு தடிப்பு.

"இதுக்கு வயரே இல்ல மிஸ்! இந்தச் சின்னத் துண்டை லப்டொப்புல சொருகுங்க. இதுக்குப் பின்னால பென்டோர்ச் பற்றரி ரெண்டு போடுங்க. தூர இருந்தும் அடிக்கலாம்."

அவள் கண்ணை மூடி விரலை வைத்தாள். கட்டைகள் மெதுவாக இறங்கி ஏறின. சத்தமே இல்லை. மடியில் வைத்தால் பாரமும் இல்லை. அவளுக்குப் பிடித்துவிட்டது.

தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், காவலரணில் முதலில் தேடுவது எதை என்று. பற்றரி. குண்டு வெடிக்கவைக்க உதவும் என்று அதைத் தடைசெய்து, சோப்பைக்கூட வெட்டிப் பார்த்து உள்ளே பற்றரி இருக்கிறதா என்று தேடிய காலம் அது. இரத்தினேஸ்வரியும் அதற்குள் வளர்ந்தவள்தான், ஜமால்தீனும் அதற்குள் வளர்ந்தவன்தான். சமாதானம் என்று வந்த இந்த நாலு வருசம் டோர்ச் அடித்து, றேடியோ கேட்டு, கடையில் பற்றரியை வாயால் கேட்டு வாங்கிப் பழகியதில் இரண்டு பேருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. வயருக்குப் பயந்தவளின் காதில் 'வயரே இல்ல' என்றது மட்டும்தான் விழுந்தது.

அவளுக்கு அந்த மெல்லிய சாமான் அவ்வளவு பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் தட்டச்சுப் படித்தது கட்டைகளின் மேல் துணியைப் போட்டு மூடிப் படிப்பித்த இடத்தில். ஆகவே விரலையும் பார்க்கமாட்டாள், திரையையும் பார்க்கமாட்டாள். சொல்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். "மிசின் நடுவிலை நிண்டா ஆக்கள் மிசினுக்குத்தான் கதை சொல்லுவினம்" என்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வாயே திறக்காதவர்களும் திறந்தார்கள். தவராசா அவளைத்தான் எங்கேயும் கூட்டிப்போவார்.

ஒரு குறையும் இருந்தது. காதால் வந்தது விரலால் போய்விடும், இடையில் ஒன்றும் தங்காது. ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா வந்து புருஷன் செத்த விபரம் முழுவதும் சொல்லி மனு அடித்துக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் வேலியடியில் அவளைக் கண்டு, "அத்தானுக்கு என்னக்கா நடந்தது?" என்று இவள் கேட்டாளாம். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எல்லாவற்றையும் நெஞ்சில் வைத்திருந்தால் இந்த வேலையில் ஒரு மாதம்கூட இருந்திருக்க ஏலாது என்று அவளுக்குத் தெரியும்.

இந்தப் பயணம் புஸ்பராணிக்காக. சல்லிக் கடற்கரையில் மீன் விற்றுப் பிழைத்தவள். பட்டணத்துக்கு மீன் கொண்டுவந்த ஒரு காலையில், துறைமுக வீதி முடக்கொன்றில், அவளுடைய கண் முன்னால் மகன் கதிரவேலை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு இரண்டு தரம் யாரோ வந்து அவள் வீட்டுப் படலையைத் தட்டினார்கள். அவள் குடா கடந்து, மூதூருக்குக் கிழக்கே மற்றப் பக்கமான போராளிகளின் கட்டுப்பாட்டிலிருந்த கிராமத்துக்கு, தன் தமையன் தம்பிராசாவிடம் ஓடிப்போனாள். பார்த்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை, தமையனுக்குக்கூட. தெரிந்தால் அவனையும் கொண்டுபோவார்கள் என்ற பயம்.

இப்போது முகாமொன்றிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன், கதிரவேல் உயிரோடு இருக்கிறான், கால் வீங்கிப்போய் இருக்கிறான் என்று சொல்லியிருந்தான். கொழும்பில் விசாரணைக் குழுவொன்றும் இருந்தது. கண்ட சாட்சி வாக்குமூலம் வந்தால், பெயர் சொல்லிக் கேட்கலாம் என்றார்கள். வானின் இலக்கம் வேண்டும். வந்தவர்களில் ஒருவன் மற்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தனக்குக் கேட்டது என்று மட்டும் அவள் சொல்லியனுப்பியிருந்தாள், அந்தப் பெயர் வேண்டும். அது இருந்தால் பெடியனை வெளியே எடுக்க ஒரு வழி. இல்லாவிட்டால் ஒரு வழியுமில்லை.

"நான் சொல்லுறன் எண்டு மனுசி ஆள் அனுப்பியிருக்கு. மனம் மாற முந்திப் போவம்" என்றார் தவராசா.

துறைமுக ஜெட்டியில் லோஞ்ச் படகு ஏறி மூதூரில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் காவலரணுக்குப் போனார்கள். மடிக்கணினிக்கு அனுமதிக் கடிதம் இருந்தது. ஆமிக்காரன் அதை வாசித்து, தலையாட்டி, பையைத் திரும்பக் கிளறினான். சாம்பல் நிறக் கீபோட்டைக் கண்டதும் திருப்பினான். பின்பக்கத்து மூடியை நகத்தால் நெம்பினான்.

"பற்றரி போக ஏலாது."

இரத்தினேஸ்வரிக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகள் முழுவதும் வந்தன. ஓங்கித் தன் தலையிலேயே ஒன்று போட வேண்டும்போல் இருந்தது.

தவராசா கெஞ்சிப் பார்த்தார். மடிக்கணினியின் வயிற்றுக்குள் இருந்த பெரிய பற்றரிக்குக் கடிதம் இருந்தது, ஆகவே அது போகலாம். சுண்டுவிரலளவு இரண்டுக்கும் கடிதம் இல்லை, ஆகவே போக ஏலாது. சட்டம் அவ்வளவு சுத்தம். அவன் இரண்டையும் எடுத்து ஒரு தகரப்பேணிக்குள் போட்டான். அதற்குள் ஏற்கெனவே நிறையக் கிடந்தன.

"கையாலை எழுதுவமே அண்ணை?" என்று அவள் அந்தப் பக்கம் போன பிறகு கேட்டாள்.

"வரேக்கை கடதாசி ஒண்டும் விடாமல் வாசிப்பாங்கள். வான் நம்பரும் பேரும் எழுதின கடதாசியோடை பிடிபட்டா மனுசிக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. லப்டொப்புக்குள்ளை எண்டா திறந்து தேடிப் பாக்க அவனுக்குத் தெரியாது."

தம்பிராசா விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பற்றரியோ? இருக்கு, இருக்கு."

குசினிக் கூரைத் தகரத்தின் மேல் கையை விட்டு இரண்டு பற்றரியை எடுத்தார். அதே அளவு, கைறேடியோவில் செத்துப்போனவை. தடைக் காலத்தில் எல்லோரும் செய்த வேலைதான், பற்றரி செத்தால் வெயிலில் காயப்போடுவது. காய்ந்து சூடேறினால் கொஞ்சம் உயிர் வரும், பின்னேரச் செய்தியை ஒருவாறு கேட்டு முடிக்கலாம். சமாதான காலத்திலும் அந்த மனிதர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. நல்லவேளை என்று நினைத்தாள் இரத்தினேஸ்வரி. பற்றரிகள் உள்ளங்கையில் சுட்டன. போட்டதும் கீபோட்டின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு மின்னியது. அவளுக்கு உயிர் வந்தது.

குசினிக்குப் பின்னால் நிழலில் கதிரை போட்டார்கள். வேறு யாருடைய காதிலும் விழக் கூடாது என்று புஸ்பராணி கேட்டதால், தவராசாவும் தம்பிராசாவும் முன் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். மடிக்கணினியை ஒரு முக்காலியில் தள்ளி வைத்தாள். கீபோட் மடியில். தனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஒன்றுமில்லை, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் அந்தச் சாமானை மெச்சிக்கொண்டாள். புஸ்பராணி ஐம்பதைத் தாண்டாதவள், பார்த்தால் எழுபது சொல்லலாம்.

"பிள்ளை, ஒருக்காத்தான் சொல்லுவன். நெடுக வைச்சு வைச்சு நெஞ்சு வெடிக்கப் பாக்குது."

"சொல்லுங்கோம்மா. நான் உங்கடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்."

"என்ரை பேர் புஸ்பராணி. என்ரை மகன் கதிரவேல் அண்டைக்கு நீலச் சேட்டுப் போட்டிருந்தவன்..."

இரத்தினேஸ்வரி ஒரு கணம் திரையைப் பார்த்தாள். எழுத்து ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புஸ்பராணி சொன்னாள். அழாமல் சொன்னாள். ஒரு இடத்தில் கையால் வானின் கதவைத் திறந்து காட்டினாள். ஒரு இடத்தில் தொண்டையில் ஒரு நரம்பு எழும்பி நின்றது. ஒரு இடத்தில் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, மற்றக் கையால் பொறு என்று காட்டி, பிறகு தொடர்ந்தாள். இரத்தினேஸ்வரி அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் தம்பாட்டில் ஓடின. பெயர் வந்தது, அடித்தன. இலக்கம் வந்தது, அடித்தன. கடைக்கண்ணில் திரை இருண்டது தெரிந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது அப்படித்தான் இருளும் என்று விட்டுவிட்டாள்.

"முடிஞ்சுது பிள்ளை" என்றாள் புஸ்பராணி. முகத்தைச் சேலையால் துடைத்தாள். தமையனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாக வாய் திறந்து கேட்டது அதுதானாம், தம்பிராசா அடுப்படிக்கு ஓடினார்.

திரையை எழுப்ப இரத்தினேஸ்வரி ஒரு கட்டையை அமத்தினாள். எழும்பவில்லை. இன்னொன்றை அமத்தினாள். குனிந்து பார்த்தாள். பச்சைப் பொட்டு இல்லை. முக்காலிக்குப் போய்க் கணினியை விரலால் தடவினாள். திரை வெளித்தது.

என்ரை பேர் புஸ்பராணி. என்ரை மகன் கதிரவேல் அண்டைக்கு நீலச் சேட்டுப் போட்டிருந்தவன். நாங்கள் மீன்

அவ்வளவுதான். 'மீன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு மின்னி மின்னி நின்றது.

இவ்வளவு நேரமும் செத்த கட்டைகளின் மேல் விரலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெயிலில் காய்ந்து வந்த உயிர் ஒன்றரை வரியோடு போய்விட்டது.

பின்னால் புஸ்பராணியின் குரல். "ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை."

வாக்குமூலம் எடுத்தால் வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டு ஓம் என்ற பிறகுதான் விரலடையாளம். இரத்தினேஸ்வரியே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அது. புஸ்பராணி கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் புராணம் கேட்க இருக்கிறவள் மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

இரத்தினேஸ்வரி வாசித்தாள். பெயர், நீலச் சேட்டு, மீன். பிறகு திரையைப் பார்த்தபடியே வாயால் தொடர்ந்தாள். கேட்டதுதானே, வரும் என்று நினைத்தாள். "நாங்கள் மீன் வித்துப்போட்டு வரேக்கை..."

"இல்லைப் பிள்ளை. விக்கப் போகேக்கை."

"ஓம். விக்கப் போகேக்கை, பின்னாலை ஒரு வெள்ளை வான்..."

"நான் வெள்ளை எண்டு சொல்லேல்லையே."

உள்ளே தேடினாள். நரம்பு இருந்தது, சேலைத் தலைப்பு இருந்தது, பொறு என்று காட்டிய கை இருந்தது. சொல் ஒன்றுகூட இல்லை. வெறும் வீடு.

புஸ்பராணி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். மீன் விற்றுப் பழகியதில் இலக்கம் தெரியுமே தவிர, அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றரை வரிக்கும் ஒரு திரை நிறைந்த எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா?

"அப்ப நான் சொன்னது எங்கை போனது?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சின்னப்பிள்ளை கேட்பதுபோல், உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். இரத்தினேஸ்வரி அவளுடைய காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள். "பற்றரி செத்துப்போச்சம்மா. என்ரை பிழை. நான் பாக்கேல்லை" என்று அழுதாள்.

அழுகை கேட்டு ஓடிவந்த தவராசாவின் முகம் செத்துப்போயிருந்தது. அவர் தன் பேனையையும் ஒரு கடதாசியையும் நீட்டினார். வருவது வரட்டும் என்று அவரும் துணிந்துவிட்டார்.

"அம்மா, அந்தப் பேரை மட்டும் சொல்லுங்கோ. பேரும் நம்பரும் போதும்."

புஸ்பராணி வாயைத் திறந்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். தலையை ஆட்டினாள். "தனியா வராது பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியாது. மறந்துபோயிடும் எண்டு விடிய விடிய முதலிலை இருந்து மனசுக்குள்ளை சொல்லிச் சொல்லித்தான் வைச்சிருக்கிறன். முதலிலை இருந்து வந்தாத்தான் அது வரும்."

"அப்ப முதலிலை இருந்து சொல்லுங்கோ."

அவள் தொடங்கினாள். மீன் கூடை, பஸ், துறைமுக வீதி, தேத்தண்ணிக் கடை. இரத்தினேஸ்வரி எழுதினாள். வீதி முடக்குக்கு வந்துவிட்டாள் புஸ்பராணி. கையை நீட்டி வானின் கதவைத் திறக்கப் போனாள்.

கடற்பக்கம் முதலாவது ஷெல் விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டாவது கிட்ட விழுந்தது.

"பாதை பூட்டப்போறாங்கள். ஓடி வாங்கோ!" தவராசா மடிக்கணினியை அள்ளிக்கொண்டு கத்தினார். தம்பிராசா தங்கச்சியை நிலத்துக்கடிப் பங்கருக்குள் இழுத்தார். இரத்தினேஸ்வரி கடதாசியைப் பிடித்தபடி நின்றாள். பங்கர் வாசலிலிருந்து புஸ்பராணி திரும்பிப் பார்த்தாள்.

"போங்கோ பிள்ளை, போங்கோ. பிறகு வாங்கோ. நான் எங்கை போகப்போறன்!"

இரத்தினேஸ்வரி ஓடினாள்.

பாதை அன்று பூட்டியது பூட்டியதுதான். அந்தக் கிராமம் முழுவதும் காட்டுப் பக்கமாகத் தெற்கே நடந்தது என்றார்கள். தம்பிராசா பிறகு ஒரு அகதி முகாமிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினார். தங்கச்சி வழியில், ஒரு மரத்தடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளாம். அங்கேயே புதைத்துவிட்டு நடந்தார்களாம். கடைசி வரைக்கும் அவள் ஒரு கவலையும் படவில்லையாம். "பிள்ளை வரும், மிச்சத்தைச் சொல்லோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். இதை எதற்குச் சொல்லியனுப்பினார் அந்த மனிதர்? ஆறுதலுக்காக்கும்.

கொழும்பிலிருந்து, வந்து சேர்ந்த தகவல் போதாது என்று பதில் வந்தது. கதிரவேலைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.

இரத்தினேஸ்வரி வேலையை விடவில்லை. விட்டிருந்தால் நல்லது என்று அவளைத் தெரிந்தவர்கள் நினைத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அலுவலகத்துப் பெரிய கீபோட்டில் விரலை வைத்துக் கண்ணை மூடுவாள். புஸ்பராணியின் முகத்தை முன்னால் கொண்டுவருவாள். முகம் ஒரு குறையுமில்லாமல் வரும். விரல்கள் அடித்தவைதானே, ஒருமுறை அடித்த வழியைத் திரும்பக் கண்டுபிடிக்காதா? பேர், நீலச் சேட்டு, நாங்கள் மீன். அதற்கு மேல் விரல் போகாது. தவராசா ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

ஜமால்தீன் ஒருநாள் வீதியில் கண்டு கேட்டான். "கீபோட் எப்பிடி மிஸ்? நல்லா வேலை செய்யுதா?"

"ஓம் தம்பி" என்றாள். அவனுக்குச் சொல்லி என்ன வரப்போகிறது.

பெயர் தொலையவில்லை என்பதுதான் அவளால் தாங்க ஏலாமல் இருந்தது. ஒரு தாய் அதை அவளுடைய கையில் தந்தாள். இந்த விரல்கள் அதை முழுதாக, ஒரு பிழையுமில்லாமல், ஒருமுறை அடித்தன. உலகத்தில் அந்தப் பெயரைக் கேட்டவள் இப்போது இவள் ஒருத்திதான்.

காலையில் துறைமுக வீதியில் சோதனைக்கு வரிசையில் நிற்பார்கள். காவலரணுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தேத்தண்ணி கொண்டுவா என்று, வாகனத்தை எடு என்று. இரத்தினேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்து, முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் கேட்பாள். ஒவ்வொன்றையும் பைத்தோலின் மேல் விரலால் மெல்ல அடித்துப் பார்ப்பாள். எல்லாப் பெயரும் அதுபோலத்தான் இருக்கும். "பாக் பென்னண்ட" என்று சிப்பாய் சிங்களத்தில் சொல்ல, பையைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குப் போவாள்.